கொடை கேசட்டுகள்: வில்லுப்பாட்டு ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் கொடை என்று சொல்லும் கோயில் திருவிழாக்களில் பதிவான வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நாயனக் கேசட்டுகளைத் தேடிப்பிடித்துக் கணினிக்கு மாற்றி, தங்களுக்குள் கேட்டும் பேசியும் வரும் ரசிகர்களில் நானும் ஒருவன். எங்களோடு பேசுகிறவர்களில் பாதிப் பேர் ஊரில் இருப்பவர்கள். மீதிப் பேர் சென்னையிலும் தாராவியிலும் துபாயிலும் இருந்துகொண்டு குலதெய்வக் கொடைக்கு மட்டும் வருகிறவர்கள். யார் வந்தாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

கொடை கேசட்டுன்னா என்னது அண்ணாச்சி? கடையில வித்த சாமி பாட்டு கேசட்டா?

இல்லை. கடையில் விற்றவை ஸ்டுடியோவில் பாடிப் பதிந்தவை, முக்கால் மணி நேரத்துக்குள் கதையைச் சுருக்கியவை. கொடை கேசட் என்பது கோயில் பந்தலில், சாமிக்கு முன்னால் பாடும்போதே பதிந்தது. மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் இழுத்து ஒரு டெக்கில் போட்டிருப்பார். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வந்த டேப் ரெக்கார்டரை ஊர்க்காரர் யாராவது மேடைக்கு முன்னால் வைத்திருப்பார். முதல் வகையில் பாட்டு தெளிவாக இருக்கும், கூட்டத்தின் சத்தம் குறைவு. இரண்டாம் வகையில் குலவையும் வெடியும் பிள்ளைகள் அழுகையும் சேர்ந்தே வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பெரும்பாலும் அம்மன் கோயில்களில் செவ்வாய்க்கிழமையும் சுடலைமாடன் கோயில்களில் வெள்ளிக்கிழமையும் கொடை நடக்கும். முந்தின இரவு குடியழைப்பு, மறுநாள் மதியக்கொடை, நடு இரவில் சாமக்கொடை. வில்லுக்காரர்கள் இந்த நேரங்களை ஒட்டிக் கதையைப் பிரித்துப் பாடுவார்கள். அதனால் ஒரு கதை ஒரு கேசட்டில் அடங்காது. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணிதான். ஒரு பெட்டியில் ஐந்தாறு கேசட்டுகள் ஒரே கையெழுத்தில் இருந்தால் பெரும்பாலும் அது ஒரே கொடை. தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள்.

நாங்க சின்ன வயசுலயே மெட்ராஸ் வந்துட்டோம். வில்லு கேட்டா எல்லாம் ஒரே சத்தமா இருக்கு. எதை எப்படிப் பிரிச்சுக் கேக்க?

முதலில் குடத்தைப் பிடியுங்கள். வில்லின் நடுவில் சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடிக்கும்போது அடிவயிற்றில் தட்டுவது போல ஒரு 'கும்' வரும். தாளத்தின் நடை அதில்தான் இருக்கிறது. அடுத்து, நடுவில் உட்கார்ந்து கதை பாடும் புலவர் வீசுகோலால் நாணைத் தட்டும் இடம். நாண் அதிர்ந்ததும் வில்லில் கோத்த மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் உடுக்கை தானாகவே காதில் விழும். இடுப்பில் இருக்கும் கயிற்றை அழுத்தி விடும்போது அதன் சத்தம் மேலேறி இறங்கும். ஜால்ராவும் கட்டையும் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பிந்தைய கேசட்டுகளில் ஆர்மோனியமும் வரும்.

அப்புறம் பின்பாட்டைக் கவனியுங்கள். புலவர் ஒரு வரியை முடிக்கும்போது அதன் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவதும், வசனம் பேசும்போது இடையிடையே 'ஆமா' போடுவதும் அவர்கள்தான். நல்ல குழுவில் அந்த 'ஆமா' ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும். கதையில் சாவு வரப்போகிறது என்பது பல சமயம் புலவரின் வார்த்தைக்கு முன்பே பின்பாட்டுக்காரரின் 'ஆமா'வில் தெரிந்துவிடும்.

நிகழ்ச்சி வைப்பு முறையும் தெரிந்தால் நல்லது: காப்பு, குருவணக்கம், சபை வணக்கம், பிறகு கதை, கடைசியில் வாழி பாடி முடிப்பது. கதையில் சாமி பிறக்கும் இடத்திலும் கொல்லப்படும் இடத்திலும் வசனம் குறைந்து உடுக்கை ஏறும். பந்தலில் சாமி வருவதும் அங்கேதான். முதன்முதலாகக் கேட்கிறவர்கள் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

கணியான் கூத்தும் வில்லும் ஒண்ணுதானே?

வேறு வேறு. கணியான் கூத்தில் வில் கிடையாது. மகுடம் என்ற தோல்கருவி இரண்டு உண்டு. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அண்ணாவி நின்றுகொண்டு பாட, பெண் வேடம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். சுடலைமாடன் கோயில்களோடு நெருங்கிய உறவுள்ள கலை. ஒரே கொடையில் வில்லும் கணியானும் இரண்டும் இருப்பதும் உண்டு. அதனால் கேசட்டில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்றிருந்தால் குழம்ப வேண்டாம். மகுடச் சத்தம் பெரிது. கணியான் பதிவுகளில் பாட்டு அமுங்கித்தான் இருக்கும்.

சுப்பு ஆறுமுகம் ஐயா ரேடியோவுல பாடுனதும் நீங்க சேக்குறதும் ஒரே வில்லுதானா?

கருவி ஒன்று, களம் வேறு. சுப்பு ஆறுமுகம் நெல்லைக்காரர். 1928-ல் பிறந்து 2022-ல் மறைந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். காந்தி கதை, சமூகக் கருத்துகள் என்று வில்லை நாடகமேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர். அதனால்தான் வெளியூர்களில் வில்லுப்பாட்டு என்ற பேரே தெரிகிறது. அந்தப் பெருமை அவருக்கு உரியது.

நாங்கள் தேடுவது சாமிக்கு முன்னால் பாடும் கதைகள். சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன், பிரம்மசக்தி, தோட்டுக்காரி, முத்துப்பட்டன், பிச்சைக்காலன் மாதிரியானவை. அந்தக் கதையை அந்தக் கோயிலில் பாடினால்தான் கொடை முடிந்ததாக அர்த்தம். குமரிப் பக்கம் பல ஆண்டுகள் கொடைகளில் வில்லடித்த பூங்கனி அம்மா 2018-ல் இறந்தபோதுதான் பல பேருக்கு அவர் பெயரே தெரியவந்தது. பெண்கள் தலைமையேற்றுப் பாடிய கொடைப் பதிவு யாரிடமாவது இருந்தால் அதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம்.

பரண்ல ஒரு டப்பா கேசட்டு கெடக்கு. எடுத்துப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டுமா?

பொறுங்கள், போட வேண்டாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்து, சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்தது மாதிரி இருந்தால் பூஞ்சணம். அதை ஓடவிட்டால் நாடாவும் போகும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். தனியாக எடுத்து வையுங்கள். அடுத்து, நாடா வெளியே தெரியும் விளிம்பில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு தகட்டோடு ஒட்டியிருக்கும். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கலாக, ஏறியிறங்கி வரும். நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாலு ஸ்குரூ போட்ட வேறொரு கேசட் கூட்டில் நாடாவை மாற்றிவிட்டால் போதும்.

கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. டேப் ரெக்கார்டரின் தலையையும் ரப்பர் உருளையையும் துடைத்த பிறகு, முதலில் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது சிக்காமல் ஓடினால் மட்டும் உங்கள் கேசட்டை ஒருதடவை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிறகு பதியுங்கள்.

டேப் ரெக்கார்டர் சத்தமா பாடுது. பக்கத்துல போனை வச்சுப் பதிஞ்சா போதும்லா?

போதாது. மின்விசிறி, பஸ் ஹாரன், வீட்டில் பாத்திரம் விழுவது எல்லாம் கதையோடு சேர்ந்துவிடும். அதோடு போன் சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும். குடம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பாட்டு அமுங்கும். டேப் ரெக்கார்டரில் லைன் அவுட் இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் இயர்போன் துளையிலிருந்து, ஒரு வயரில் கணினிக்குக் கொண்டுபோங்கள். ஆடாசிட்டி மாதிரியான இலவச மென்பொருளே போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி வரும். இன்றைக்கு ஒரு ஜிபி ஒரு விஷயமே இல்லை.

சத்த அளவை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். காப்பு பாடும்போது சரியாக இருந்த அளவு, உடுக்கை ஏறும் இடத்தில் முட்டிக் கிழிந்துவிடும். சாமி வரும் இடத்தை ஓட்டிப் பார்த்து அதற்கேற்ப அளவை வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பதியுங்கள். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தால், பெரும்பாலும் டேப் தலையின் கோணம் பிசகியிருக்கும். தலையின் பக்கத்தில் இருக்கும் ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பி, மணிச் சத்தம் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்புல அனுப்புனா வந்துரும்லா?

டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். கேசட் ஓட ஓட வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினால் சத்தத்தைப் பிழிந்துவிடும். கேட்டு மகிழ எம்பி3 போதும். வேவ் கோப்பை மட்டும் பென்டிரைவில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு இடத்தில் வைத்திருங்கள். கணினிக்கு மாற்றியாச்சே என்று கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம்.

ஒரே இரைச்சலா இருக்கு அண்ணாச்சி. போன்ல ஆப் போட்டு சுத்தம் பண்ணிட்டே அனுப்பட்டுமா?

தயவுசெய்து சுத்தம் பண்ணாததை அனுப்புங்கள். அது இருந்தால் எப்போது வேண்டுமானாலும் சுத்தம் செய்துகொள்ளலாம். சுத்தம் செய்ததிலிருந்து பழையதைத் திரும்ப எடுக்க முடியாது. 'ஸ்ஸ்' என்ற நாடா இரைச்சலும் வில்மணிச் சத்தமும் ஒரே உயரத்தில் இருப்பவை. இரைச்சலை எடுக்கிற மென்பொருள் மணியையும் சேர்த்து எடுத்துவிடும். அடியில் ஓடும் 'ம்ம்' என்ற மின்சார ரீங்காரத்தை வெட்டினால் குடத்தின் 'கும்' வற்றிப்போகும். மணியும் குடமும் போய்விட்ட பிறகு வில்லுப்பாட்டில் என்ன மிச்சம்?

அந்த ரீங்காரத்தால் ஒரு பயனும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கேசட்டில் ஏறிய ரீங்காரம் 50-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கணினியில் பார்க்கும்போது 53 என்று வந்தால் உங்கள் டேப் ரெக்கார்டர் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். புலவரின் குரல் இயல்பைவிடக் கொஞ்சம் மேலேறிக் கேட்பதற்கு அதுதான் காரணம். ஜெனரேட்டரில் ஓடிய மைக் செட் என்றால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. ஆர்மோனிய சுருதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேசட்டு மேல ஒண்ணுமே எழுதல. எந்த வருசத்துக் கொடைன்னு எப்படித் தெரியும்?

எங்களுக்கு மிகவும் பிடித்த வேலை இது. பதில் பெரும்பாலும் பாட்டில் கிடைக்காது, பாட்டுக்கு இடையில் கிடைக்கும். புலவர் மூச்சு வாங்கும் நேரத்தில் மைக் செட்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போடுவார். அந்தப் பாட்டு வந்த வருடத்துக்கு முன்னால் அந்தக் கொடை நடந்திருக்க முடியாது. அடுத்து அறிவிப்புகள். 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று யாராவது சொன்னால் உடனே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்ததை ஒட்டி வந்த பெயர் அது. தலைவர்கள் பெயரிலிருந்த மாவட்டங்களுக்கு எல்லாம் 1997-ல் பழையபடி ஊர்ப்பெயர் வந்தது. 'சிதம்பரனார் மாவட்டம்' என்று தூத்துக்குடியைச் சொல்வதும் அதே காலத்தைக் காட்டும். பேச்சு வழக்கில் பழைய பெயர் சில வருடம் நீடிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி மாவட்டம் என்று வந்தால் 2019 நவம்பருக்குப் பிந்தையது.

மாலை மரியாதை அறிவிப்பில் 'சித்திரை இத்தனாம் தேதி செவ்வாய்க்கிழமை' என்று வந்துவிட்டால் அதிர்ஷ்டம். அந்தத் தேதியும் கிழமையும் சேரும் வருடங்களைப் பழைய பஞ்சாங்கத்தில் தேடினால் மூன்று நான்குதான் மிஞ்சும். அன்பளிப்பு வாசிப்பையும் வெட்டாதீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வரிசையாக வரும். ஊர்ப் பெரியவர்களிடம் அந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டினால், 'அன்னைக்கு எம் மூத்தவளுக்கு நிச்சயம் முடிஞ்ச வருசம்லா' என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பாடுனவரு பேரு போட்டாச்சு. குடம் அடிச்சவரு, உடுக்கை அடிச்சவரு பேரெல்லாம் எதுக்கு?

அவர்கள் இல்லாமல் பாட்டு இல்லை, அதற்குத்தான். நோட்டீசில் புலவர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும், 'குழுவினர்' என்ற ஒரே சொல்லில் மீதிப் பேர் அடங்கிவிடுவார்கள். முப்பது வருடம் குடம் அடித்தவரின் பெயர் எங்குமே எழுதப்படாமல் போய்விடுகிறது. இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சபை வணக்கத்தில் புலவரே குழுவினரின் பெயரையும் ஊரையும் சொல்லி அறிமுகப்படுத்துவார். அந்த இடத்தை இரண்டு தடவை கேட்டு எழுதுங்கள். காதில் சரியாக விழவில்லை என்றால் விழுந்த மாதிரியே எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

கோயில், ஊர், கதை, நாள், புலவர், குழுவினர், மைக் செட், கேசட்டை வைத்திருந்த வீடு. இவ்வளவும் ஒரு சின்னக் குறிப்பாகக் கோப்போடு ஒட்டியே இருக்க வேண்டும். 'சூப்பர் வில்லு 3' என்று பெயர் வைத்த கோப்பு எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் பத்து வருடத்தில் அநாதையாகிவிடும்.

முத்துப்பட்டன் கதை ரெண்டு பேரு பாடிக் கேட்டேன். ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் பிராமணனான முத்துப்பட்டன் மணக்கிறான் என்பது எல்லாரும் பாடுவது. ஆனால் அந்தப் பெண்கள் செருப்புத் தைக்கும் வாலப்பகடை பெற்ற பிள்ளைகள் என்று சிலர் பாடுகிறார்கள். காட்டில் கண்டெடுத்து வளர்த்த பிராமணப் பிள்ளைகள் என்று சிலர் பாடுகிறார்கள். நாங்குநேரியில் பிறந்த ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தவர். இந்த இரண்டாவது வகை, கதையின் கூர்மையை மழுக்கப் பின்னால் சேர்த்தது என்பது அவர் பார்வை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

எங்களுக்குத் தேவை எந்த ஊரில், எந்தப் புலவர், எந்த வகையைப் பாடினார் என்ற விவரம். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஒன்றில் விட்டுப்போனதை இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்டி 'முழுக்கதை' செய்யாதீர்கள். கேசட் மாற்றும்போது விட்டுப்போன இரண்டு நிமிடத்துக்கும் இதேதான். விட்டுப்போனது விட்டுப்போனதாகவே இருக்கட்டும்.

கதையில சாதிப் பேரா வருது. இப்ப போட்டா பிரச்சினை ஆகும். அதை மட்டும் வெட்டிரலாமே?

வெட்டினால் கதையே நிற்காது. கொடையில் பாடும் கதைகளில் பாதி, சாதி கடந்த காதலாலும் அநியாயமாகச் செய்த கொலையாலும் செத்தவர்கள் சாமியானதைச் சொல்பவை. யார் யாரைக் கொன்றார் என்பதை எடுத்துவிட்டால் அவர் ஏன் சாமியானார் என்பதே புரியாது. அதே சமயம், நம் பகுதியில் ஒரு முப்பது வினாடித் துண்டு என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியும். அதனால் எங்கள் வழக்கம் இது: முழுக்கதையாகக் கொடுப்போம், இல்லாவிட்டால் கொடுக்கவே மாட்டோம். அந்த வரியை மட்டும் துண்டாக எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவருக்கு அடுத்த பதிவு போகாது.

ஊருக்கே குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாடுனதுதானே. யார்கிட்ட அனுமதி கேக்கணும்?

எல்லாரும் கேட்டார்கள் என்பதால் எல்லாருக்கும் சொந்தமாகிவிடாது. கதை மரபுக் கதைதான், அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அன்றைக்கு அதைப் பாடிய விதம் அந்தக் கலைஞர்களுடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். 1998 கொடையில் பாடியது 2048 முடியும்வரை. இந்த உரிமை சட்டத்தில் வருவதற்கு முந்தைய பதிவுகளிலும் நாங்கள் அதே மரியாதையைக் கடைப்பிடிக்கிறோம்.

முதலில் புலவரிடம் கேளுங்கள். பிறகு கோயில் வரிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் வரிப்பணத்தில் நடந்த கொடை அது. கேட்டுப் போனால் பெரும்பாலும் 'தாராளமா போடுங்க தம்பி' என்றுதான் சொல்வார்கள். கூடவே 'எனக்கும் ஒரு காப்பி தாங்க' என்பார்கள். தங்கள் குரலைத் தாங்களே கேட்டிராத கலைஞர்கள் நிறையப் பேர் உண்டு. முதல் காப்பி அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

பாடுனவரு தவறிட்டாரு. பிள்ளைக எங்க இருக்காவன்னே தெரியல. அப்ப என்ன செய்ய?

தேடுங்கள். பழைய குழுவில் குடமோ உடுக்கையோ அடித்தவர் யாராவது இருப்பார், அவருக்குத் தெரியும். குழுவினர் பெயரை எழுதச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். கிடைக்கும்வரை பதிவைக் காப்பாற்றி வைத்திருங்கள், பரப்ப வேண்டாம். உங்களிடம் வைத்திருக்க முடியாது என்றால், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையைப் போல இதைப் படிப்பாகவே நடத்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள்.

காருகுறிச்சியார் நாயனம் எங்க தாத்தா ரேடியோவுல பிடிச்சு வச்சிருக்காரு. அதைப் போடலாமா?

நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1921-ல் பிறந்து 1964-ல் மறைந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி குரலோடு இணைந்து அவர் வாசித்தது தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அவர் கோயில் வாசிப்பும் ரேடியோ வாசிப்பும் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் உங்கள் தாத்தாவின் பதிவு அருமையானதுதான்.

ஆனால் வானொலியில் வந்தது வானொலி நிலையத்தின் பதிவு. வெளியிட்ட ஒலிப்பதிவுக்குச் சட்டப்படி 60 ஆண்டு உரிமை. இசைத்தட்டுகளில் பழையவை பலவற்றுக்கு அது முடிந்துவிட்டது. ரேடியோவிலிருந்து பிடித்தவற்றை நாங்கள் வீட்டில் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் கச்சேரி எப்போது ஒலிபரப்பானது, அன்று தவில் யார் என்ற விவரத்தை எங்களுக்குச் சொல்லுங்கள். அதைப் பகிர ஒரு தடையும் இல்லை.

டேப்புல எங்க சித்தி சாமி வந்து அழுது பேசுறது அப்படியே இருக்கு. வீட்டுல சங்கடப்படுதாங்க.

அப்படியென்றால் வெளியே போகக் கூடாது. பந்தலில் சாமி கேட்ட குறையும் சொன்ன குறியும் அந்தக் குடும்பத்துக்கானவை. முழுப் பதிவை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியை விட்டு ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் விட்டிருக்கிறது என்று குறிப்பில் எழுதிவிட்டால் போதும், காரணம் எழுத வேண்டாம். கதையை வெட்டக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. புலவர் பாடியது சபைக்காகப் பாடியது, சித்தி அழுதது அப்படி இல்லை.

நம்ம குடுத்த பதிவை எவனோ யூடியூப்ல போட்டு காசு பாக்கான். விட்டுரலாமா?

கலைஞருக்குச் சொல்லுங்கள், முடிவு அவருடையது. அவர் வேண்டாம் என்றால் போட்டவரிடம் நேரில் பேசுங்கள். கேட்காவிட்டால் பதிப்புரிமைப் புகார் கொடுக்கும் வழி அங்கேயே இருக்கிறது, கலைஞர் பெயரில் அதைச் செய்ய உதவுங்கள். சிலர் 'இருக்கட்டும், பேரைப் போடச் சொல்லு' என்பார்கள். சிலர் வருமானத்தில் பங்கு கேட்பார்கள், அது நியாயம். ஒரு இரவு முழுக்கப் பாடி வாங்கும் சம்பளத்தைக் குழுவில் ஐந்தாறு பேர் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

வர்ற கொடையில நானே பதியலாம்னு இருக்கேன். போனு போதுமா, எங்க நிக்கணும்?

போன் போதும், குழாய்க்கு நேராக நிற்காதீர்கள். புலவருக்கு முன்னால் பத்தடிக்குள், குடம் இருக்கும் பக்கமாக உட்கார இடம் பிடியுங்கள். மைக் வழியாக வருவதை விட நேரடியாக வரும் குடச் சத்தம் நன்றாக விழும். மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, மிக்சரிலிருந்து ஒரு பென்டிரைவிலும் பதியச் சொன்னால் இரண்டு பதிவு கிடைக்கும். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். சாமக்கொடை நேரத்தில் துபாயிலிருந்து அழைப்பு வந்து பதிவு நின்றவர்கள் இருக்கிறார்கள். பவர் பேங்க் அவசியம்.

இன்னொன்று. ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணிக்கு மேல் தடை என்பது 2000-ல் வந்த ஒலி மாசு விதி. விழாக்களுக்கு அரசு விரும்பினால் ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் பன்னிரண்டு மணிவரை தளர்த்தலாம். இதனால் பல ஊர்களில் கதையைச் சாயங்காலமே தொடங்கிச் சுருக்கிப் பாடுகிறார்கள். நடுச்சாமத்தில் மைக்கை அணைத்துவிட்டு வெறும் குரலில் தொடரும் இடங்களும் உண்டு. மைக் நின்றதும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள்.